எச்சத்தில் ஒளிந்துகொள்ளும் எழுவாய்

மொழிபெயர்ப்பாளர்கள் மத்தியிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் வழக்கமான சமாதானம் ஒன்று உண்டு. "இரண்டு வடிவங்களுமே இலக்கணப்படி சரியானவை, காதுக்கு இதமானதைப் போட்டுவிடுங்கள்" என்பதே அது. ஸ்பானிய மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கின்றபோது, இறந்தகால எச்சம் ஒன்றுக்கு எதிரே இரண்டு மூன்று ஆங்கில வடிவங்கள் வந்து நிற்கும் வேளைகளில் எல்லாம் இந்தச் சமாதானமே சொல்லப்படுகின்றது. பொரித்த மீனைப் பற்றிய வாக்கியத்துக்கு இது பொருந்தும். அச்சிட்ட புத்தகத்தைப் பற்றிய வாக்கியத்துக்கும் பொருந்தும். கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத மனிதர்களைப் பற்றிய வாக்கியத்துக்குப் பொருந்தாது. அங்கே எச்சத்தைத் தெரிவுசெய்வது காதின் வேலை அல்ல, மனச்சாட்சியின் வேலை என்பதே எனது கட்சி.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளன் ஒருவனுக்கு ஸ்பானிய இலக்கணத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் படித்து, அந்த ஆங்கிலத்தின் மீது சந்தேகம் வந்து, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூலத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கியவன் நான். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு உறைத்த உண்மை ஒன்றுண்டு. கதைகளில் நேர்கின்ற இழப்பைவிட, செய்திகளிலும் ஆணைக்குழு அறிக்கைகளிலும் நேர்கின்ற இழப்பே பாரதூரமானது. அந்த இழப்பு பெரும்பாலும் நிகழ்வது எச்சங்களிலேதான்.

முதலில் இலக்கணத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' என்றும் ஸ்பானிய மொழியில் 'பார்த்திஸீப்பியோ' என்றும் அழைக்கப்படுவதற்குத் தமிழில் அச்சொட்டான இணை கிடையாது. 'செய்த', 'செய்யப்பட்ட' என்னும் நமது இறந்தகாலப் பெயரெச்சங்களே அதற்குக் கிட்ட வருபவை. ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கின்றது. நாம் "உடைந்த கண்ணாடி" என்போம். அல்லது "உடைக்கப்பட்ட கண்ணாடி" என்போம். முன்னதில் கண்ணாடி தானாக உடைந்தது. பின்னதில் உடைத்தவன் ஒருவன் இருக்கின்றான். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாகுபாடு நமது எச்சங்களுக்கு உள்ளேயும் கூடவே வருகின்றது. ஆங்கிலத்தின் 'ப்ரோக்கன்' என்ற சொல்லிலோ ஸ்பானிய மொழியின் 'ரோத்தோ' என்ற சொல்லிலோ அந்தப் பாகுபாடு இல்லை. கண்ணாடி உடைந்ததா, எவனாவது உடைத்தானா என்பதை அந்தச் சொல் சொல்லாது. எழுவாய் ஒளிந்துகொள்வதற்கு அந்த மொழிகளின் எச்சத்தில் தாராளமாக இடமுண்டு.

இனி, மாற்று வடிவங்களுக்கு வருவோம். ஸ்பானிய மொழியில் 'பொரித்தல்', 'அச்சிடுதல்', 'வழங்குதல்' என்னும் பொருள்தரும் மூன்று வினைகளுக்கு இரண்டு எச்ச வடிவங்கள் உள்ளன. 'ஃப்ரெயீதோ' என்றும் சொல்லலாம், 'ஃப்ரீத்தோ' என்றும் சொல்லலாம். 'இம்ப்ரிமீதோ' என்றாலும் சரி, 'இம்ப்ரேஸோ' என்றாலும் சரி. 'ப்ரொவெயீதோ', 'ப்ரொவிஸ்தோ' இரண்டுக்கும் ஸ்பானிய அரச மொழிக்கழகம் இடமளிக்கின்றது. ஆங்கிலத்திலோ இத்தகைய இரட்டைகள் இன்னும் அதிகம். 'ப்ரூவ்ட்', 'ப்ரூவன்', 'பேர்ண்ட்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துவடிவங்கள், பிரித்தானியரின் 'கொட்', அமெரிக்கரின் 'கொட்டன்'. இங்கெல்லாம் பழக்கமும் பிரதேசமும் முடிவுசெய்யட்டும். அதில் எனக்கு யாதொரு வழக்கும் இல்லை.

ஆனால் ஆங்கிலமே ஓரிடத்தில் எச்சரிக்கை விடுக்கின்றது. 'தொங்கவிடுதல்' என்ற வினைக்கு ஆங்கிலத்தில் 'ஹங்', 'ஹேங்ட்' என்று இரண்டு எச்சங்கள் உண்டு. கொடியில் தொங்கும் சேலைக்கும் சுவரில் தொங்கும் படத்துக்கும் முன்னது. தூக்கிலிடப்பட்ட மனிதனுக்குப் பின்னது. ஸ்பானிய மூலத்தில் 'கொல்காதோ' என்று இருந்தால், தொங்குவது துணியா மனிதனா என்று பார்க்காமல் மொழிபெயர்ப்பாளர் எழுத முடியாது. மனிதக் கழுத்தும் சலவைத் துணியும் ஒன்றல்ல என்பதை இலக்கண நூல்களே ஒப்புக்கொண்ட இடம் இது. "காதுக்கு இதமானதைப் போடுங்கள்" என்கின்ற சமாதானம் இங்கேயே முறிந்துபோகின்றது.

இதைவிடக் கடினமான சொல் 'முவெர்த்தோ'. 'இறத்தல்' என்ற வினையின் எச்சம் அது. ஆனால் மனிதர்களைக் குறித்து எழுதும்போது, பழைய ஸ்பானிய உரைநடையிலும் பத்திரிகை மொழியிலும் 'கொல்லுதல்' என்ற வினையின் செயப்பாட்டு எச்சமாகவும் அதே சொல் பயன்பட்டு வந்திருக்கின்றது. 'கொல்லுதல்' வினைக்கு 'மத்தாதோ' என்ற சொந்த எச்சம் இருந்தும்கூட, ஒருவர் "சூடுபட்டு முவெர்த்தோ ஆனார்" என்று எழுதுவது வழக்கம். அதாவது, இறந்தவரும் கொல்லப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். மொழிபெயர்ப்பாளருக்கு எதிரே ஆங்கிலத்தின் 'டெட்', 'டைட்', 'கில்ட்' ஆகிய மூன்றும் நிற்கின்றன. மூன்றுக்கும் அகராதி அனுமதி தருகின்றது. ஆனால் மூன்றும் ஒன்றா?

தமிழ்ப் பத்திரிகையில் வேலைசெய்த எவருக்கும் இந்தக் கேள்விக்கு விடை தெரியும். "ஐவர் மரணம்", "ஐவர் பலி", "ஐவர் சுட்டுக்கொலை" ஆகிய மூன்று தலைப்புகளும் ஒரே சம்பவத்துக்கு இடப்படலாம். முதலாவதில் கொன்றவன் இல்லை. மூன்றாவதில் இருக்கின்றான். நடுவில் நிற்கின்ற 'பலி' என்ற சொல், நமது பத்திரிகைகள் மிகவும் விரும்புகின்ற சொல், கொன்றவனைக் காட்டாமலே கொலையை உணர்த்துகின்ற சாமர்த்தியம் வாய்ந்தது. தணிக்கைக் காலங்களில் அந்தச் சாமர்த்தியம் நமக்குத் தேவைப்பட்டது. தணிக்கை இல்லாத இடத்திலும் அதையே கடைப்பிடிப்பது பழக்கதோஷம் அல்லது கோழைத்தனம். ஸ்பானியச் செய்தியின் உடலில் பொலிஸார் சுட்டதாகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கையில், ஆங்கிலத் தலைப்பில் 'டெட்' என்று போடுகின்ற மொழிபெயர்ப்பாளர் தன்னை அறியாமல் பொலிஸ் பேச்சாளரின் வேலையைச் செய்கின்றார்.

இப்போது இவ்விவாதத்தின் மையத்துக்கு வருகின்றேன். 'தெஸபரெஸீதோ' என்னும் ஸ்பானிய எச்சம் உலகம் முழுவதும் அறியப்பட்ட சொல்லாகிவிட்டது. 'மறைதல்' என்ற வினையில் இருந்து பிறந்தது. 1976 மார்ச் 24இல் ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் தெருக்களிலும் இருந்து மனிதர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் கேட்டால் தெரியாது. இராணுவ முகாமில் கேட்டால் தெரியாது. நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டாலும் அப்படியொருவர் தடுத்துவைக்கப்படவில்லை என்பதே பதில். 1977 ஏப்ரல் 30இல் பதினான்கு பெண்கள் புவனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். பின்னாளில் வெண்ணிறத் தலைத்துணியால் உலகறிந்த அன்னையர் இயக்கத்தின் தொடக்கம் அது.

அந்த எச்சத்தின் இலக்கணத்தை மிக நன்றாக விளங்கிக்கொண்டவர் யார் தெரியுமா? இராணுவ ஆட்சியாளர் ஹோர்ஹே ரஃபாயெல் விதேலாதான். 1979இல் பத்திரிகையாளர் மாநாட்டில் இதுபற்றி அவரிடம் கேட்கப்பட்டபோது, காணாமற்போனவர் என்பவர் புரியாத புதிர், அவருக்கு இருப்பே கிடையாது, அவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, 'தெஸபரெஸீதோ' ஆகிவிட்டார் என்ற கருத்தில் பதிலளித்தார். கைகளைக் காற்றில் விரித்துக்கொண்டு ஒரு சர்வாதிகாரி நடத்திய இலக்கண வகுப்பு அது. அந்த வினை செயப்படுபொருள் குன்றிய வினை. மறைந்தவன் மறைந்தான், மறைத்தவன் எவனும் இல்லை. எழுவாயை ஒளித்துவைக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது.

அதே 1979இல் இயற்றப்பட்ட 22068ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதிப் பிரகடனம் செய்ய வழிவகுத்தது. ஒரு எச்சத்தின் இடத்தில் இன்னொரு எச்சத்தை வைத்துக் கோவையை மூடிவிடும் ஏற்பாடு அது. அன்னையர் அதை ஏற்கவில்லை. உயிரோடு கொண்டுசென்றவர்களை உயிரோடு காட்டு என்பதே அவர்களது கோரிக்கையாக இருந்தது. தங்கள் பிள்ளைகள் இறந்திருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கொன்றவன் யார் என்று சொல்லாமல் 'இறந்தவர்' என்ற சொல்லைத் தங்கள் கையில் திணிக்க விடமாட்டோம் என்பதே அதன் பொருள். 1994இல்தான் இன்னொரு சட்டம், 'பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டமையால் இல்லாதிருப்பவர்' என்ற தனியான சட்ட நிலையை உருவாக்கியது. பதினைந்து ஆண்டுப் போராட்டம் ஒரு சொற்றொடரில் வந்து முடிந்தது என்றால் மிகையில்லை.

ஸ்பானிய மக்கள் தங்கள் மொழியை அப்படியே விட்டுவைக்கவும் இல்லை. குன்றிய வினையைக் குன்றா வினையாக்கினார்கள். "அவன் மறைந்தான்" என்பதற்குப் பதிலாக "அவனை மறைத்தார்கள்" என்ற பொருளில் அதே வினையைப் பிரயோகிக்கத் தொடங்கினார்கள். இலக்கணவாதிகள் முகம் சுளித்தாலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் அந்தப் பிரயோகம் நிலைத்துவிட்டது. எழுவாய் வெளியே இழுத்து வரப்பட்டது.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்கின்றவருக்கு எதிரே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'மிஸ்ஸிங்', மற்றையது 'டிஸ்அப்பியர்ட்'. பலரும் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கின்றார்கள். இங்கேதான் எனது சண்டை. 'மிஸ்ஸிங்' என்பது இறந்தகால எச்சமே அல்ல. அதற்குக் கடந்த காலம் இல்லை. ஆகவே சம்பவம் இல்லை. ஆகவே செய்தவன் இல்லை. கடலில் படகு காணாமற்போகலாம், வெள்ளத்தில் ஆள் அள்ளுண்டு போகலாம், திறப்புக்கோவை தொலையலாம். எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் போதும். 'டிஸ்அப்பியர்ட்' என்பது இறந்தகால எச்சம். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏதோ நடந்தது என்பதை அது விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கின்றது.

ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி முடிந்தபின் நாவலாசிரியர் ஏர்னெஸ்தோ சாபத்தோ தலைமையில் அமைந்த தேசிய ஆணைக்குழு, ஏறத்தாழ 9000 பேரின் விபரங்களை ஆவணப்படுத்தி 1984இல் தனது அறிக்கையைக் கையளித்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்று கூறுகின்றன. அந்த ஆணைக்குழுவின் ஸ்பானியப் பெயரில் எச்சம் கிடையாது. 'ஆட்களின் மறைவு' என்கின்ற பெயர்ச்சொல்லே உண்டு. ஆனால் 1986இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் அது 'டிஸ்அப்பியர்ட்' பற்றிய ஆணைக்குழுவாக மாறியது. சம்பவத்தின் பெயர் போய், சம்பவத்துக்கு உள்ளானவர்களின் பெயர் வந்தது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு துணிச்சலாக இருந்த அரிதான தருணங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகின்றேன்.

அதற்கு முன்னரே அந்தத் துணிச்சலுக்கு முன்னுதாரணம் இருந்தது. 1876இல் தொடங்கப்பட்ட 'புவனஸ் அயர்ஸ் ஹெரால்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை, பெரிய ஸ்பானியப் பத்திரிகைகள் வாய்மூடிக் கிடந்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் செய்திகளைப் பிரசுரித்தது. அதன் ஆசிரியர் ரொபர்ட் கொக்ஸ் 1977இல் கைதுசெய்யப்பட்டார். குடும்பத்தினருக்கும் அச்சுறுத்தல் வந்ததால் 1979 டிசெம்பரில் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தப் பத்திரிகையின் மேசையில் சொல் ஒன்றைத் தெரிவுசெய்வது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாக இருந்தது. வசதியான அறையில் இருந்துகொண்டு "இரண்டும் ஒன்றுதானே" என்கின்றவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

"குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது, எனவே ஒருவர் 'டிஸ்அப்பியர்ட்' ஆக்கப்பட்டார் என்று எழுதுவது பிழையான ஆங்கிலம்" என்ற ஆட்சேபனையைக் கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகை நண்பர்களிடமிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றேன். நான் அறிந்த ஒரு மேசையில், வெளிநாட்டுச் செய்தி ஒன்றில் இருந்த அந்தச் சொல் சிவப்பு மையினால் வெட்டப்பட்டு 'மிஸ்ஸிங்' ஆனதைக் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். வெட்டியவர் கெட்டவர் அல்லர், இலக்கணத்தில் பிடிப்புள்ளவர். ஆனால் ஜோசப் ஹெல்லர் தமது 'கேட்ச் 22' நாவலில் 1961ஆம் ஆண்டிலேயே இந்த வினையைக் குன்றா வினையாக்கி, அது நல்ல இலக்கணம்கூட அல்ல என்று ஒரு பாத்திரத்தை முறையிடவும் வைத்துவிட்டார். அந்தக் கேலி யாரை நோக்கியது? ஓர் ஆளை இல்லாமல் செய்வதைவிட ஒரு வினையைப் பிழையாகப் பாவிப்பதையே பெரிய குற்றமாகக் கருதுகின்ற மனநிலையை நோக்கியது என்றே நான் வாசிக்கின்றேன்.

'தெஸபரெஸீதோ'வோடு கூடவே வருகின்ற இன்னொரு எச்சமும் கவனத்துக்குரியது. 'பலவந்தப்படுத்தப்பட்ட' என்ற பொருள்தரும் 'ஃபொர்ஸாதா'. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு எச்சங்கள் போட்டியிடுகின்றன. 1994இல் பிரேசிலின் பெலெம் நகரில் ஏற்கப்பட்ட அமெரிக்க நாடுகளின் சமவாயத்தின் ஆங்கிலப் பிரதி 'ஃபோர்ஸ்ட்' என்கின்றது. 2006 டிசெம்பர் 20இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சமவாயத்தின் ஆங்கிலப் பிரதி 'என்ஃபோர்ஸ்ட்' என்கின்றது. ஸ்பானியப் பிரதிகள் இரண்டிலும் ஒரே சொல்தான். இவற்றில் எது மேல் என்று கேட்டால், நான் பின்னதன் பக்கம். வழிப்பறிக்காரனும் பலவந்தம் செய்யலாம். ஆனால் 'என்ஃபோர்ஸ்ட்' என்ற சொல்லில் சட்டத்தை அமுல்படுத்துகின்றவனின் சீருடை வாடை வீசுகின்றது. அரச முகவர்களோ, அரசின் அனுமதியுடனும் ஆதரவுடனும் அல்லது அது பாராமுகமாக இருக்கையிலோ இயங்குபவர்களோ செய்கின்ற குற்றம் என்பதே 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தின் வரைவிலக்கணம். அந்த வரைவிலக்கணத்துக்கு நெருங்கிய எச்சம் அதுவே. அதேவேளை, ஆளின் கதி தெரியவரும்வரை இது தொடர்ந்துகொண்டிருக்கும் குற்றம் என்பதையும் சர்வதேசச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. எச்சம் இறந்தகாலம், குற்றமோ நிகழ்காலம். இந்த முரணை மனதில் கொள்ளாமல் மொழிபெயர்க்கின்றவர் நடந்து முடிந்த கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் எண்ணவேண்டாம். மெக்சிக்கோவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு எச்சங்களைச் சட்டரீதியாகவே வேறுபடுத்துகின்றது. ஒருவரின் இல்லாமைக்கும் குற்றச்செயல் ஒன்றுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கருதப்பட்டால் அவர் 'தெஸபரெஸீதா'. அப்படியான அறிகுறி இல்லை என்றால் 'கண்டறியப்படாதவர்'. ஆங்கிலத்தில் இரண்டையும் 'மிஸ்ஸிங்' என்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தின் அத்திவாரமே காணாமற்போய்விடும்.

2023 டிசெம்பரில் நடந்தது இதைவிட விசேஷமானது. பதிவேட்டில் ஏறத்தாழ 110,000 பேர் இருக்கையில், மெக்சிக்கோ அரசு மீளாய்வு ஒன்றை நடத்தி, 'உறுதிசெய்யப்பட்ட' காணாமற்போனோர் 12,377 பேர் மட்டுமே என்று அறிவித்தது. ஏனையோரைப் பல வகைகளாகப் பிரித்தபோது இரண்டு எச்சங்களைப் பாவித்தது. 16,681 பேர் 'லொக்கலிஸாதோ', அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். 17,843 பேர் 'உபிகாதோ'. அதாவது ஏதோவொரு அரச தரவுத்தளத்தில் அவர்களது பெயர் தென்பட்டது, ஆனால் உயிரோடு இருப்பதற்கான சான்று கையில் இல்லை. சாதாரண அகராதி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'லொக்கேட்டட்' என்றே பொருள் சொல்லும். அப்படி எழுதினால் என்ன நடக்கும்? பெயர் மட்டும் தென்பட்ட 17,843 பேரும், ஆளாகவே கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஒரு சொல்லால் பதினேழாயிரம் தாய்மாரின் தேடலை முடித்துவைத்துவிடலாம்! தேடுகின்ற குடும்பங்கள் இந்தக் கணக்கை எதிர்த்துக் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன?

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்படக்கூடிய வலுவான வாதத்துக்கு வருகின்றேன். "மூலத்தில் இல்லாத எழுவாயை மொழிபெயர்ப்பாளர் புகுத்தலாமா? அது பிரசாரம் அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனது பதில்: புகுத்தவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. மெக்சிக்கோ இராணுவம் தனது அறிக்கையில் 'அபத்தீதோ' என்கின்றது. 'வீழ்த்தப்பட்ட' என்பது அதன் பொருள். 2014 ஜூன் 30இல் த்லாத்லாயா என்ற இடத்தில் 22 பேர் இராணுவத்தின் கையில் கொல்லப்பட்ட பின்னர், அந்த வினை எழுதப்பட்டிருந்த இராணுவக் கட்டளை ஒன்று 2015இல் வெளியானது. அந்தச் சொல்லுக்குக் 'கொல்' என்று பொருள் இல்லை என்று அரச தரப்பு வாதிட்டது. கொலம்பிய இராணுவம் 'தாதோ தெ பாஹா' என்றது. ஆளணிப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். வேலை தருவதாகக் கூறி அழைத்துச்செல்லப்பட்ட ஏழை இளைஞர்கள் இந்தப் பெயரில் போரில் இறந்த கெரில்லாக்களாகக் காட்டப்பட்டார்கள். 2002 முதல் 2008 வரை இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் 6,402 பேர் என்று அந்நாட்டின் விசேட சமாதான நீதிமன்றம் 2021இல் அறிவித்தது.

இத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்க்கின்றவர், 'கொலைசெய்யப்பட்ட' என்று திருத்தி எழுதக்கூடாது என்றே நான் சொல்வேன். இராணுவத்தின் பூசிமெழுகலைப் பூசிமெழுகலாகவே ஆங்கில வாசகருக்குக் காட்டவேண்டும். அந்த மொழியே ஒரு சாட்சியம். அதே நேர்மையோடு, ஒரு தாய் "என் மகனை மறைத்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது, அதை "அவரது மகன் காணாமற்போய்விட்டார்" என்று நீர்த்துப்போகச் செய்யவும் கூடாது. அவள் சொன்ன எழுவாய் அவளுடையது. அதைப் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை. நடுநிலை என்பது எல்லோருடைய வாயிலும் ஒரே மங்கலான சொல்லைத் திணிப்பது அன்று; யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதைச் சிதைக்காமல் கொடுப்பது.

சான்று மாறும்போது எச்சமும் மாறவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். மாயோ சதுக்க அன்னையரை முதலில் அணிதிரட்டிய அசுசேனா வில்யாஃப்லோர் 1977 டிசெம்பரில் கடத்தப்பட்டார். கரையொதுங்கிப் பெயர் தெரியாதவராகப் புதைக்கப்பட்ட அவரது எச்சங்கள் 2005இல் ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவினால் அடையாளம் காணப்பட்டன. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் 'தெஸபரெஸீதா'. அதன்பின் 'அஸெஸினாதா', கொலைசெய்யப்பட்டவர். இரண்டும் அந்தந்தக் காலத்தில் உண்மை. அவசரப்பட்டு முன்னதைப் பின்னதாக்குவதும் பிழை, நிரூபிக்கப்பட்ட பின்னும் முன்னதையே பிடித்துக்கொண்டிருப்பதும் பிழை.

ஈழத்து வாசகர்களுக்கு நான் ஏன் இத்தனை தூரம் சுற்றி வந்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். நமது மொழியில் 'காணாமற்போனோர்', 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஸ்பானியர் இலக்கணத்தை வளைத்துப் பெற்றுக்கொண்டதை நமது தன்வினையும் பிறவினையும் நமக்கு இலவசமாகவே தந்திருக்கின்றன. ஆனாலும் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' பற்றியது. அதன் ஆங்கிலப் பெயரிலும் 'மிஸ்ஸிங்'. அதேவேளை, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்குகின்றது. ஒரே அரசு, இரண்டு ஆண்டு இடைவெளியில், இரண்டு இலக்கணங்கள்.

போர்க்களத்தில் காணாமற்போன படையினரையும் அந்த அலுவலகம் உள்ளடக்குவதால் பொதுவான சொல் தேவை என்ற விளக்கத்தை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. அந்தப் படையினரின் தாய்மாரின் கண்ணீரும் கண்ணீரே. ஆனால் பொதுச்சொல் ஒன்று தனிச்சொல்லை விழுங்கிவிட அனுமதிக்கலாமா? 2009 மே மாதத்தில் தமது கையாலேயே பிள்ளைகளையும் கணவரையும் படையினரிடம் ஒப்படைத்தவர்கள், அவர்கள் 'காணாமற்போய்விட்டார்கள்' என்று எப்படி ஏற்பார்கள்? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் தங்களை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்று அழைத்துக்கொண்டது தற்செயல் அல்ல. 2010 ஜனவரி 24இல் காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் கதையிலும் இதே சொற்போராட்டம்தான். 1980களின் இறுதியில் தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாருக்கும் இதுவே பொருந்தும். ஆக்கியவர் அரச படையினராக இருக்கட்டும், துணை ஆயுதக்குழுவாக இருக்கட்டும், இயக்கங்களாக இருக்கட்டும். எழுவாய்க்குக் கட்சி பேதம் பார்த்து விலக்களிக்க முடியாது.

ஆகவே, ஸ்பானிய மொழியில் இருந்தாயினும் தமிழில் இருந்தாயினும் ஆங்கிலத்துக்கு எழுதுகின்ற இளம் நண்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. எச்சம் ஒன்றுக்கு இரண்டு வடிவங்கள் எதிரே வந்து நின்றால், காதைக் கேட்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வாக்கியத்தைப் பேசுகின்றவர் யார், குற்றம் சாட்டப்பட்டவரா, பறிகொடுத்தவரா? மூலத்தில் செய்தவன் இருக்கின்றானா, ஒளிக்கப்பட்டிருக்கின்றானா, உண்மையிலேயே இல்லையா? நான் தெரிவுசெய்யும் வடிவம் அவனை இருந்த இடத்தில் விடுகின்றதா, நகர்த்திவிடுகின்றதா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பின்னரும் இரண்டு வடிவங்கள் மிஞ்சி நின்றால், அப்போது இனிமையானதைத் தாராளமாகப் போடுங்கள். இலக்கண நூலில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை என்று எவராவது சொன்னால், அந்த நூலை எழுதியவருக்குத் தேடிப் போகவேண்டிய ஆள் எவரும் இருக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.